மனையும் தொழிலும்

மனை என்னும் சொல்லிலிருந்து மனைவி என்னும் பெயர் பிறந்தது. இல் என்பதிலிருந்து இல்லாள் என்பது வந்தது. பெண்ணை அவள் வாழும் இடத்தால் அழைத்துப் பழகியது நம் மொழி. அவ்வழைப்பிற் பெருமையும் உண்டு, சிறையும் உண்டு என இலக்கிய வகுப்புகளில் நாம் பலகாற் பேசியிருக்கிறோம். ஆயின், அப்பெண் தன் மனையிலிருந்தவாறே, தான் நன்கறிந்த பணியொன்றைச் செய்து பொருளீட்ட முற்படுமிடத்து, இம்மனை இனியும் மனைதானா எனச் சட்டம் வினவுகின்றது. அவ்வாறு வினவும் உரிமை சட்டத்துக்கு உண்டா? உண்டாயின், அது வினவவேண்டியதைத்தான் வினவுகின்றதா? இவ்விரண்டுமே இக்கட்டுரையின் பொருள். சட்டம் கற்றவளல்லாத கலைப்பீட மாணவி என்ற வகையில், எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைச் சான்றாக வைத்தே இதனை எழுதத் துணிகிறேன்.

எங்கள் வீடு வடபுலத்துச் சிறு நகரொன்றில், பத்தடி அகலமான ஒழுங்கையொன்றின் நடுப்பகுதியில் உள்ளது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. உறுதியும் அவர் பெயரிலேயே இருக்கிறது. முன்விறாந்தை, இரண்டு அறைகள், குசினி, பின்வளவிற் கிணறு, வேலியோரம் ஒரு வேம்பு, இவ்வளவுதான். அப்பா காலமானபின் வருவாய்க்கு வழி தேடிய அம்மாவிடம், அயலிலுள்ள தாதியொருவர் 2019 ஆம் ஆண்டில் தம் ஒன்பது மாதக் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். பின்னர் வங்கியிற் பணியாற்றும் ஒருவரின் பிள்ளை வந்தது. ஆசிரியை ஒருவரின் இரட்டையர் வந்தனர். நாடு எரிபொருளுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டில் எங்கள் விறாந்தையில் ஆறு பிள்ளைகள் பாய் விரித்து உறங்கினர். என் விடுதிக் கட்டணமும் புத்தகச் செலவும் அவ்விறாந்தையிலிருந்தே வந்தன.

இத்தகைய தேவை முன்னர் எங்கள் ஊர்களில் இருக்கவில்லை என்பர். அது உண்மையே. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையை அம்மம்மா பார்த்தார். அவரில்லாவிடின் அடுத்த வளவிலிருந்த பெரியம்மா பார்த்தார். இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அந்த உறவு வளையத்தை அறுத்துவிட்டன. இன்று பலரது அம்மம்மா ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு கைப்பேசித் திரையிற் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார். திரையிலிருந்து ஒரு கை நீண்டு வந்து பாற்போத்தலைப் பிடிக்கமாட்டாது. உறவு செய்த பணியை அயல் செய்யவேண்டியதாயிற்று. உறவுக்குக் கொடுக்காத கூலியை அயலுக்குக் கொடுக்கவேண்டியதாயிற்று. சிக்கல் இக்கூலியிலேதான் தொடங்கியது.

2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் எங்கள் ஒழுங்கைவாசி ஒருவர் உள்ளூராட்சி மன்றத்துக்கு முறைப்பாடு எழுதினார். சில நாட்களில் அலுவலர் ஒருவர் வந்தார். பண்பான இளைஞர், செருப்பைக் கழற்றிவிட்டே விறாந்தையில் ஏறினார். அவர் அம்மாவிடம் சொன்னது இன்றும் என் நினைவில் உள்ளது.

"அம்மா, நீங்கள் எத்தினை பிள்ளையளையும் வளர்க்கலாம், அதை நாங்கள் கேக்கமாட்டம். காசு வாங்கிறியள் எண்டால்தான் அது வேற கதை."

"காசு வாங்காட்டில் நான் என்னெண்டு தம்பி பால் வாங்கிறது?" என்றார் அம்மா.

அலுவலர் சிரித்தார். ஆயினும் குறிப்பேட்டில் எழுதவேண்டியதை எழுதிக்கொண்டார். வதிவிடமாக அமைக்கப்பட்ட கட்டடம் பிறிதொரு நோக்கத்துக்குப் பயன்படுகின்றதாகையால், பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி பெறவேண்டும் என்றும், அதுவரை பிள்ளைகளை ஏற்பதை நிறுத்திவைக்கவேண்டும் என்றும் பின்னர்க் கடிதம் வந்தது.

அவர் கூறியதற் சட்டப்பிழை எதுவும் இல்லை. 1982 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டவாறான, 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அபிவிருத்திப் பகுதிகளாக வெளிப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதியின்றி அபிவிருத்திச் செயற்பாடு எதனையும் மேற்கொள்ளலாகாது என்கிறது. கட்டடம் எழுப்புவது மாத்திரம் அபிவிருத்தியன்று. நிலத்தினதோ கட்டடத்தினதோ பயன்பாட்டை மாற்றுவதும் அபிவிருத்தியே. ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் அம்மா அபிவிருத்தி செய்துவிட்டார்! ஆனால் அதே வரைவிலக்கணம் ஒரு விலக்கையும் தருகின்றது. குடியிருப்பு வீட்டு வளவினுள், அவ்வீட்டின் அனுபோகத்தோடு ஒட்டிய நோக்கமொன்றுக்காக நிலத்தைப் பயன்படுத்துவது அபிவிருத்தியிற் சேராது. கோழி வளர்க்கலாம், துணி காயப்போடலாம், பேரப்பிள்ளைகள் பத்துப்பேரைக் கூட்டி வைத்து விளையாட விடலாம்.

அவ்வாறாயின், அயலாரின் பிள்ளைக்குச் சோறூட்டுவது வீட்டின் அனுபோகத்தோடு ஒட்டியதா, ஒட்டாததா? சோறு ஒன்று, பாய் ஒன்று, தாலாட்டும் ஒன்றே. பிள்ளை சொந்தமாயின் அது குடியிருப்பு. பிள்ளை அயலாருடையதாய், மாதமுடிவிற் கையிற் பணமும் வந்தால் அது வணிகம். செயலில் வேறுபாடில்லை, கூலியில் மாத்திரமே வேறுபாடு. கூலியில்லாதபோது அது தொழிலாக எண்ணப்படுவதுமில்லை. நம் நாட்டுத் தொழிற்படைக் கணிப்பீடுகளிற் பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளோராகக் காட்டப்படுகின்றனர். ஆண்களில் இது பத்துக்கு ஏழு என்ற அளவினது. எஞ்சிய பெண்களிற் பெருந்தொகையினர் வீட்டுக் கடமைகளில் ஈடுபட்டமையாற் பொருளாதார ரீதியிற் செயற்படாதோர் எனப்படுகின்றனர். ஆக, பிள்ளை வளர்ப்பு ஒரு பதிவேட்டிலே தொழிலேயல்ல. மற்றொரு பதிவேட்டிலே அனுமதி வேண்டும் தொழில்.

இம்முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவலிற் சில நூல்களைப் புரட்டினேன். நகரை வலயங்களாக வகுத்து, இன்ன இடத்தில் இன்னதுதான் நடக்கலாம் என விதிக்கும் முறை மிகப் பழையதன்று. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரம் 1891 ஆம் ஆண்டில் அத்தகைய விதிகளைச் செய்தது. நியூயோர்க் நகரம் 1916 இல் முழு நகருக்குமான வலய விதிகளை இயற்றியது. அவ்விதிகளுக்குத் தக்க காரணம் இருந்தது. தொழிற்சாலைப் புகையும் இரைச்சலும் கழிவும் வீடுகளை நெருக்கிய காலம் அது. தோற்பதனிடும் சாலைக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் இடையே தூரம் வேண்டும் என்பதை எவர் மறுப்பர்? அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து யூக்கிளிட் என்ற ஊரின் வலய விதிகள் வழக்காகி, 1926 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தால் ஏற்புடையனவெனத் தீர்க்கப்பட்டன. பொருத்தமான பொருளும் பொருந்தாத இடத்திலிருந்தாற் தொல்லையாகும் என்பதே தீர்ப்பின் கருத்து. தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதை நீதியரசர் உவமை காட்டினார். ஆயின் அதே தீர்ப்பு, தனிவீடுகளின் நடுவே எழும் மாடிக் குடியிருப்புகளையும் ஒட்டுண்ணி போன்றனவாகவே கண்டது. புகைக்கு எதிராக எழுந்த வேலி, சிறிது காலத்திலேயே மனிதருக்கும் அவர்தம் எளிய தொழில்களுக்கும் எதிரான வேலியாகவும் பயன்பட்டது.

வலய விதியின் அடியில் ஒரு குடும்பச் சித்திரம் மறைந்திருக்கிறது. காலையிற் கணவன் வேலைத்தலத்துக்குச் செல்கிறான். மனைவி வீட்டில் இருக்கிறாள். வேலைத்தலம் ஒரு வலயம். வீடு மற்றொரு வலயம். இரண்டுக்கும் இடையே போய்வருபவன் அவன் மட்டுமே. டொலோறெஸ் ஹெய்டன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, பால் வேற்றுமை அற்ற நகரம் எவ்வாறிருக்கும் என வினவி 1980 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இச்சித்திரத்தையே கேள்விக்குள்ளாக்கினார். மனைவியும் வேலைக்குப் புறப்பட்டவுடன் அச்சித்திரம் கிழிகின்றது. பிள்ளையை எவ்வலயத்தில் விடுவது? வீட்டு வலயத்தில் விட்டால் அது தொழிலாகின்றது. தொழில் வலயத்திலோ பிள்ளை தூங்க இடமில்லை.

அமெரிக்காவிலே இதற்கு விடை கண்ட மாநிலம் கலிபோர்ணியா. அங்கே எட்டுப் பிள்ளைகள் வரை பார்க்கும் வீடுகள் முன்னரே குடியிருப்பாகக் கருதப்பட்டன. பதினான்கு பிள்ளைகள் வரை பார்க்கும் வீடுகளுக்கு ஊர்தோறும் வலய அனுமதி கேட்க இடமிருந்தது. 2019 இல் நிறைவேற்றப்பட்டு 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, அவ்வீடுகளையும் குடியிருப்புப் பயன்பாடாகவே கொள்ளவேண்டும் என விதித்தது. வலய அனுமதி நீங்கியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கான உரிமம் நீங்கவில்லை. நிலத்தைப் பற்றிய கேள்வியையும் பிள்ளையைப் பற்றிய கேள்வியையும் பிரித்தெடுத்தமையே அச்சட்டத்தின் சிறப்பு எனலாம்.

எங்கள் கோப்பில் அவ்விரண்டும் பிரிக்கப்படவில்லை. உறுதியின் பிரதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், கட்டட வரைபடம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் என ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். வீடு கட்டப்பட்டபோது வரைந்த படம் இடப்பெயர்விலே தொலைந்துபோனமையால், படவரைஞர் ஒருவரைக் கொண்டு புதிதாக வரைவிக்கவேண்டியிருந்தது. அதன் செலவு இரண்டு மாதப் பால்மாவுக்குச் சமமாயிற்று. விண்ணப்பத்தையும் மேன்முறையீட்டுக் கடிதத்தையும் நானே எழுதினேன். தமிழ் இலக்கணம் எனக்கு ஊதியம் தந்த முதற் சந்தர்ப்பம் அது. வட்டார உறுப்பினரிடம் முறையிடலாம் என்றால் அக்காலத்தில் உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றபின், 2025 மே மாதத் தேர்தல் வரை அவை அலுவலர்களாலேயே நிருவகிக்கப்பட்டன.

கோப்புக் கேட்ட வினாக்கள் இவை: ஒழுங்கையின் அகலம் யாது? படலை வீதி நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி? வாகனம் நிறுத்த இடமுண்டா? பெயர்ப்பலகை உண்டாயின் அதன் அளவு யாது? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாத்திரம் வளவைச் சுற்றிப் பார்த்து, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்தார். எங்கள் நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு விரைவில் நீரைச் சேரும் என அவர் விளக்கியது பயனுள்ள பாடம். ஆயின் அக்கிணற்றிற் பிள்ளை விழாதிருக்க என்ன செய்திருக்கிறீர்கள் என எவரும் கேட்கவில்லை. முதற் குழந்தை தவழத் தொடங்கிய வாரத்திலேயே அம்மா கிணற்றுக்கு இரும்புவலை போட்டுப் பூட்டியிருந்தார். அத்திறப்பு இன்றும் அவர் கழுத்துக் கயிற்றிலே தொங்குகின்றது. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

முறைப்பாடு செய்தவரைக் குறைகூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் துணைவியார் நெடுநாள் நோயாளி. திட்டமிடல் குழுவின் விசாரணை நாளன்று அலுவலக வாசலிலே அவரே அம்மாவிடம் வந்து பேசினார்.

"பிள்ளை, எனக்கு உம்மோட கோபமில்லை. காலமையில அரை மணித்தியாலம் என்ர படலையைத் திறக்கேலாமல் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் நிக்குது. அண்டைக்கு மனுசியைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போகேலாமல் போச்சு."

"மாஸ்ரர், இதை என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே," என்றார் அம்மா.

"பிள்ளையளைக் கொண்டுவாற தாய்மார் வேலைக்கு ஓடுற நேரம். அவையளை எப்பிடி நான் மறிக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் மறுத்ததிலும் ஒரு பரிவு இருந்தது. அன்று மாலையே தாய்மாரை அழைத்து அம்மா பேசினார். ஒழுங்கை முகப்பிலுள்ள வைரவர் கோயில் வெளியில் வாகனங்களை நிறுத்துவது, அங்கிருந்து பிள்ளையை நடத்திக்கொண்டோ தூக்கிக்கொண்டோ வருவது, காலையில் மூவர் ஏழு மணிக்கும் மூவர் ஏழரைக்கும் வருவது என முடிவாயிற்று. ஒரு பிற்பகலிலே தீர்ந்துபோன அப்பிணக்கு, கோப்பிலே ஏழு மாதங்கள் கிடந்தது.

அந்த ஏழு மாதங்களின் விலையைக் கூறாமற் போவது முறையன்று. நிறுத்திவைக்குமாறு வந்த கடிதத்துக்குப் பணிந்து அம்மா பிள்ளைகளைத் திருப்பியனுப்பினார். தாதி இரவுக் கடமைக்கு மாறினார். பகலிற் பிள்ளையோடு கண்விழித்து இரவில் நோயாளரோடு கண்விழித்தார். ஆசிரியை தம் பிள்ளைகளைத் தூரத்து ஊரிலிருந்த மாமியார் வீட்டில் விட்டு வார இறுதிகளில் மாத்திரம் கண்டார். வங்கியிற் பணியாற்றியவர் மூன்றாம் மாதத்தில் வேலையை விட்டார். அனுமதி கிடைத்தபின்னும் அவர் திரும்பவில்லை. அவ்விடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். என் பங்குக்கு நானும் அரையாண்டு காலம் மாலைநேர வகுப்புகள் எடுத்து விடுதிக் கட்டணத்தைச் செலுத்தினேன். ஒரு பெண்ணின் விறாந்தை மூடப்பட்டால் எத்தனை பெண்களின் அலுவலகக் கதவுகள் மூடப்படுகின்றன என்பதை எந்த நில அளவைப் படமும் காட்டாது.

இறுதியில் அனுமதி வந்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு மேற்படலாகாது, பெயர்ப்பலகை வைத்தலாகாது, ஒழுங்கையில் வாகனம் நிறுத்தலாகாது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். நியாயமான நிபந்தனைகளே. ஆயினும் இரண்டு பக்கக் கடிதத்திலே பிள்ளை என்ற சொல் தலைப்பிலும் எண்ணிக்கையிலுமே வந்தது. தீ பற்றினால் எவ்வழியால் வெளியேறுவது, எத்தனை குழந்தைக்கு ஒருவர் இருக்கவேண்டும், காய்ச்சல் கண்டால் எவரை அழைப்பது என்பன பற்றி ஒரு வரியும் இல்லை. சிறுவர் பராமரிப்பு மாகாண சபைக்குரிய விடயம் என அறிந்து, அதற்கு நாங்களாகவே வேறொரு கடிதம் எழுதினோம். நிலம் ஒரு கோப்பிலும் பிள்ளை மற்றொரு கோப்பிலும் இருக்கின்றன.

விதியே வேண்டாம் என்பது என் வாதமன்று. பூட்டிய அறையொன்றில் இருபது குழந்தைகளை அடைத்துவைத்துக் காசு பார்ப்போரும் இருக்கக்கூடும். அவர்களைத் தடுப்பது அரசின் கடன். அக்கடனை ஆற்றுவதற்கு வலயப் படம் உரிய கருவியன்று. சில பிள்ளைகளை மாத்திரம் பார்க்கும் வீடு, வீடாகவே கொள்ளப்படவேண்டும். அங்கே அரசு அனுப்பவேண்டியவர், நடுக்கோட்டை அளப்பவரிலும் முதலாகக் கிணற்றையும் அடுப்பையும் மின்னிணைப்பையும் பார்ப்பவராக இருத்தல் வேண்டும். அயலாரின் இடையூறு ஒழுங்கைக்குள் பேசித் தீர்க்கப்படலாம். தீராதபோது மன்றம் தலையிடலாம். விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வெளியேற்றுவது இறுதி வழியாக இருக்கவேண்டுமேயன்றி முதல் வழியாக இருத்தலாகாது.

நம் நாட்டிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. மலையகத் தோட்டங்களிலே நெடுங்காலமாகப் பிள்ளைக்காம்பராக்கள் இருந்து வருகின்றன. கொழுந்து பறிக்கும் பெண் காலையிற் பிள்ளையை அங்கே விட்டு மலைக்கு ஏறினாள். அவற்றின் குறைகள் பல. அவற்றை நம் மலையக நண்பர்கள் நன்கறிவர். ஆயினும் ஓர் உண்மையை அவை ஒப்புக்கொண்டன. தாயின் கை கொழுந்துக்குத் தேவைப்பட்டால், பிள்ளைக்கு வேறொரு கை வேண்டும். அக்கைக்குக் கூலியும் வேண்டும். தேயிலைக்காக ஒப்புக்கொண்ட அவ்வுண்மையை வைத்தியசாலைக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் வங்கிக்காகவும் ஒப்புக்கொள்ள நாம் ஏன் தயங்கவேண்டும்?

இவ்விதழை வாசிக்கும் நண்பர்களுட் பலர் நாளை பிரதேச செயலகங்களிலும் மன்றங்களிலும் கோப்புகளின் முன்னே அமரப்போகிறவர்கள். கலைப்பீடத்திலிருந்து நிருவாக சேவைக்குச் செல்லும் பாதை நீண்டகாலமாகவே திறந்திருக்கிறது. அங்கே ஒருநாள், பயன்பாட்டு மாற்றம் எனத் தலைப்பிட்ட விண்ணப்பமொன்று உங்கள் மேசைக்கு வரும். ஒழுங்கையின் அகலத்தைப் பாருங்கள், பார்க்கவேண்டியதுதான். அதனோடு, அவ்வீட்டுக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்றும் கேட்டு, விடை வரும்வரை அப்பிள்ளைகள் எங்கே உறங்குவார்கள் என்பதையும் கோப்பின் ஓரத்திற் குறித்துவையுங்கள்.